அவள் நடக்காமலிருக்க ஒரு கார்

மலிவாகக் கிடைக்கிற எதையும் நம்பாத ஆள் நான். கத்திரிக்காயை விலை குறைத்துக் கொடுத்தால்கூட ஓட்டை இருக்கிறதா என்று புரட்டிப் பார்ப்பேன். அப்படிப்பட்டவன் வாழ்நாளில் ஒரே ஒரு கார் வாங்கினேன். அதுவும் பழையது, அதுவும் மலிவானது. சும்மா வாங்கிவிடவில்லை, குடைந்து குடைந்து பார்த்துத்தான் வாங்கினேன்.

என் மனைவிக்கு இருதயத்தில் வால்வு கெட்டிருந்தது. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் செய்த வேலை என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொன்னார். மாதாமாதம் ஊசி போடச் சொன்னார். மாடிப்படி ஏறக் கூடாது, பஸ்ஸில் நெரிபடக் கூடாது, நடக்கவே கூடாது என்றார். எல்லாவற்றுக்கும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாள். "வேலையை விட்டுடும்மா" என்றபோது மட்டும் ஆட்டவில்லை.

ராயபுரத்தில் ஒரு கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் அவள் டீச்சர். கல்மண்டபத்துப் பக்கம் கட்டுமரக்காரர் வீட்டில் பிறந்தவள். அந்தத் தெருவில் பிறந்த ஒருத்தி அந்தப் பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் பிடிப்பாள் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். சின்ன வயதில் வகுப்பில் பக்கத்துப் பெண்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளித் தள்ளி உட்கார்ந்த கதையைக் கல்யாணமான புதிதில் ஒரு முறை சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்ததில்லை. தினம் இரண்டு வேளை சந்தன சோப்புப் போட்டுக் குளிப்பாள். எதற்கென்று நானும் கேட்டதில்லை.

"வூட்டுல குந்திகினு இன்னா பண்ணச் சொல்ற? சுவத்தப் பாத்துகினு கெடக்கவா? பொண்ணுங்க மூஞ்சியப் பாக்காம இருந்தா இன்னும் சீக்கிரமா போய்டுவேன்" என்றாள் ஆஸ்பத்திரி வாசலிலேயே.

எங்கள் வீடு திருவொற்றியூரில். அங்கே ஒரு தொழிற்சாலையில் நான் ஃபிட்டர். ராயபுரம் போகும் பஸ்ஸில் காலையில் ஏறுவது எங்கள் மாதிரி ஆட்களுக்கே மல்யுத்தம். அவளை அதில் ஏற்ற முடியாது. ரிக்‌ஷாவில் அவ்வளவு தூரம் தினமும் போய்வர முடியாது. அப்படித்தான் கார் என்ற வார்த்தை எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது. "மோட்டார் மொதலாளி வராரு, வயி உடுங்கடா" என்று தொழிற்சாலையில் கேலி செய்தார்கள். செய்யட்டும் என்று விட்டுவிட்டேன். வாங்குவதற்குக் கடன் கிடைத்துவிடும், தினம் ஓட்டுவதற்கு யார் கொடுப்பார்கள் என்பதுதான் என் கவலையாக இருந்தது. வண்டி குறைவாகக் குடிக்க வேண்டும். இல்லையென்றால் மூன்றாம் மாதமே அது வாசலில் நிற்கும், அவளும் வீட்டில் உட்காருவாள்.

பெட்ரோல் விலை தாவிக் குதித்த வருஷம் அது. பெரிய பெரிய கார்களையெல்லாம் வந்த விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். துறைமுக ஆபீசர் ஒருவர் கப்பல் மாதிரி ஒரு வண்டியை ஏறக்குறைய இனாமாகவே கொடுக்கத் தயாராக இருந்தார். உள்ளே உட்கார்ந்து பார்த்தவள் "நம்ம வூட்டு ரூமவிட பெரிசா கீதுங்க" என்றாள். யானையைக் கட்டித் தீனி போட நம்மால் ஆகாது என்று கும்பிடு போட்டுவிட்டு வந்தேன். அடுத்தது ஒரு பழைய டாக்சி. அதன் புகையைப் பார்த்ததுமே என் நண்பன் "இத்த வாங்கறதுக்கு பதிலா ரெண்டு மாடு வாங்கு நைனா, சாணியாவது கெடைக்கும்" என்றான்.

இந்த நண்பன் தண்டையார்பேட்டையில் பட்டறை வைத்திருந்தவன். பாய் வீட்டுப் பிள்ளை. நானும் அவனும் ஒரே பெஞ்சில் படித்துச் சேர்ந்தே ஃபெயில் ஆனவர்கள். என் மனைவியைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவான். மூன்றாவது வண்டியைக் கண்டுபிடித்ததும் அவன்தான். இரண்டு பேர் தாராளமாகவும் நாலு பேர் சண்டை போட்டுக்கொண்டும் உட்காரக்கூடிய சின்ன கார். இறால் வாங்கி அனுப்பும் ஏஜென்ட் ஒருவருடையது. வேன் வாங்கிவிட்டதால் இதைக் கொடுக்கிறேன் என்றார். அவர் சொன்ன விலையைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவ்வளவு குறைவு.

"எங்கியோ இடிக்குதே மாமு. திருட்டு வண்டியா இருக்குமோ?" என்றேன்.

"புக்கு, கிக்கு அல்லாம் கரீட்டா கீது. நானும் அதான் பாக்கறேன். இவ்ளோ சல்லிசா குடுக்கறான்னா எங்கியோ ஒரு பேஜாரு இருக்கணும்" என்றான் அவன்.

அந்தப் பேஜாரைத் தேடினோம் பாருங்கள், அப்படித் தேடினோம். அவன் எஞ்சினைப் பிரித்துப் பார்த்தான். நான் அடியில் படுத்து ஒவ்வொரு நட்டாகத் தட்டினேன். பின் சீட்டைக் கழற்றிவிட்டு அங்கே இறால் கூடைகளை ஏற்றியிருந்தார் ஏஜென்ட். அதை அவர் மறைக்கவும் இல்லை. ஐஸ் உருகி ஒழுகிய உப்புத் தண்ணீர் தரையில் இரண்டு இடத்தில் தகட்டைத் தின்றிருந்தது. "மாட்டுச்சுடா!" என்று நண்பன் கத்தினான். விலைக்கான காரணம் தெரிந்துவிட்டதில் எனக்கும் மனசு லேசாகிவிட்டது. துருவுக்கு எங்களுக்கு மருந்து தெரியும். கடலோரத்தில் இரும்போடு பிழைக்கிறவர்களுக்கு உப்பு ஒன்றுதான் எதிரி. தகடு வெட்டி ஒட்ட வைத்து, தார் பூசி, சீட்டை மறுபடி மாட்டினால் முடிந்தது.

கடைசியில் பாட்டில் வைத்தோம். டாங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, ஒரு லிட்டர் பெட்ரோலைப் பாட்டிலில் ஊற்றி பானெட்டுக்குள் கட்டித் தொங்கவிட்டு, அது தீரும்வரை ஓட்டுவது. எவ்வளவு தூரம் போகிறதோ அதுதான் வண்டியின் யோக்கியதை. நண்பன் ஓட்டினான், நான் பக்கத்தில், அவள் தற்காலிகமாகத் தூக்கி வைத்த பின் சீட்டில். எண்ணூர் போகும் சாலையில் கடலை ஒட்டியே போனோம். ஒவ்வொரு மைல்கல்லைத் தாண்டும்போதும் அவள் "போச்சு! இன்னொண்ணு போச்சு!" என்று குழந்தை மாதிரி கத்தினாள். நின்றுவிடும் என்று நாங்கள் நினைத்த இடத்தையெல்லாம் தாண்டி, கத்திவாக்கத்துக்கும் அப்பால் போய்த்தான் வண்டி இருமிவிட்டு நின்றது.

"கொசு குடிக்கிற அளவு கூட குடிக்கல தங்கச்சி. கண்ண மூடிகினு வாங்கு" என்றான் நண்பன்.

மூன்று பேரும் கதவைத் திறந்து போட்டு, வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து அவள் கட்டிவந்த புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. மாதா கோயில் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்துக் கொடுத்த மறுநாள் வண்டி ஓட ஆரம்பித்தது.

முதல் சில வாரங்கள் பள்ளிக்கூட கேட் வரைக்கும் போய் இறக்கிவிட்டேன். ராணி மாதிரி இறங்குவாள். பிறகு ஒரு திங்கட்கிழமை, தெரு ஆரம்பிக்கும் இடத்தில் இருந்த பூவரச மரத்துக்குப் பக்கத்தில் "இங்கியே நிறுத்துங்க" என்றாள்.

"இன்னாமே, கேட்டுக்கு இன்னும் ஒரு தெரு கீது. டாக்டர் இன்னா சொன்னாரு?"

"மத்த டீச்சருங்கல்லாம் பஸ்ல நசுங்கி வராங்க. நான் மட்டும் காருல போய் கேட்டாண்ட எறங்கினா கண்ணு பட்டுடும். பத்தடி நடந்தா ஒண்ணும் ஆவாது, போங்க."

எவ்வளவு பெரிய மனசு என்று நான் பூரித்துப் போனேன். நான் வாதாடினால் அவளும் வாதாடுவாள், அவளுக்குத்தான் மூச்சு வாங்கும். அதனால் விட்டுவிட்டேன். தொழிற்சாலையில் சங்கு ஊதுவதற்குள் திரும்ப வேண்டும் என்று அவள் இறங்கியதுமே வண்டியைத் திருப்பிவிடுவேன். சாயங்காலமும் அந்த மரத்தடியில்தான் நிற்பாள். அந்த வாரத்திலிருந்தே வண்டிக்குள் மருக்கொழுந்துக் கொத்து ஒன்று வைக்க ஆரம்பித்தாள். மழை பெய்தாலும் ஜன்னல் கண்ணாடியை ஏற்ற விடமாட்டாள். "காத்து வரட்டும்" என்பாள். மூச்சுக்குத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

இரண்டு வருஷம் அந்த வண்டி ஓடியது. ஒரு நாள்கூட நடுவழியில் நிற்கவில்லை. பெட்ரோலுக்கு நாங்கள் ஒதுக்கியதைத் தாண்டவும் இல்லை. அவள்தான் நின்றுவிட்டாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம், பண்டிகைக்கு அவள் இல்லை. காசிமேட்டுக் கல்லறையில் அடக்கம் செய்துவிட்டு வந்தேன்.

அதன் பிறகு நான் செய்த காரியத்தை யாரிடமும் சொன்னதில்லை. தினமும் வேலை விட்டு வந்ததும் வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்வேன். கண்ணாடிகளை ஏற்றிவிடுவேன். காய்ந்துபோன மருக்கொழுந்து அங்கேயே கிடந்தது. சந்தன சோப்பு, சாக்பீஸ் தூள், அவள் தலையில் வைத்த பூ எல்லாம் உள்ளே எங்கேயோ இருப்பதாக எனக்குத் தோன்றும். அப்படியே உட்கார்ந்து அழுவேன்.

நான் அப்படி உட்கார்ந்திருப்பதை ஒரு நாள் பார்த்துவிட்டு, இப்படியே போனால் நான் பைத்தியமாகிவிடுவேன் என்று சொல்லி நண்பன்தான் வண்டியைப் பார்க்க ஆள் கூட்டிவந்தான். மாம்பலத்திலிருந்து ஒருவர், மனைவியோடு வந்தார். நல்ல மனிதர். எஞ்சினை ஓட்டிக் காட்டினோம், எவ்வளவு குடிக்கும் என்று சொன்னோம், தலையைத் தலையை ஆட்டினார். பிறகு கதவைத் திறந்து உட்காரப் போனவர் அப்படியே பின்வாங்கினார். அந்த அம்மாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க சார். உள்ளே மீன் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"மீனா? இல்லையே."

"இறால் அழுகின மாதிரி வாடை குமட்டறதே. உங்களுக்குத் தெரியலையா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவள் உட்கார்ந்த வண்டியைப் பார்த்து இப்படிச் சொல்கிறானே என்று வாய்க்கு வந்ததைக் கத்தி அவர்களை விரட்டிவிட்டேன். பிறகு நண்பனைப் பார்த்தேன். "மாமு, வாடை வருதா?" அவன் தலையை உள்ளே விட்டு, சீட்டில் மூக்கை வைத்து இழுத்தான். "இல்லியே நைனா. வண்டி வாடதான் வருது." தெருவில் போனவர்களையெல்லாம் கூப்பிட்டு முகரச் சொன்னேன். ஒருவர் பாக்கியில்லாமல், வாடை எதுவும் வரவில்லை என்றார்கள். எல்லாரும் கடலோரத்தில் பிறந்து மீன் வாடையிலேயே வளர்ந்தவர்கள். எங்களில் யாருக்கு அது தனியாகத் தெரியும்? ஏஜென்ட் ஏன் அந்த விலைக்குக் கொடுத்தார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஐஸ் தண்ணீர் தகட்டை மட்டுமா தின்றிருக்கும், சீட்டுக்கு அடியில் எல்லா இடுக்கிலும் ஊறியிருக்கும். ஊரில் வேறு எவனாவது கதவைத் திறந்திருந்தால் அந்த நொடியே சொல்லியிருப்பான்.

அடுத்து அந்தப் பூவரச மரம் ஞாபகம் வந்தது.

அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு போய், அந்த மரத்தடியில் நிறுத்திவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். வயசான ஆயா கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தாள். என் மனைவியின் அடக்கத்துக்கு வந்து என்னைவிட அதிகமாக அழுதவள்.

"டீச்சர் ஏன் ஆயா அந்த மரத்தாண்டயே எறங்கிச்சு?" என்று கேட்டேன்.

"அத்த இன்னாத்துக்கு சார் இப்ப கேக்கறீங்க?" என்று ஆயா நழுவப் பார்த்தாள். நான் விடவில்லை.

"காரு வந்த புதுசுல ஒரு நாளு டீச்சருங்க ரூமுல யாரோ, மீன் எவ எட்டாந்ததுன்னு கேட்டு சிரிச்சிட்டாங்க சார். எல்லாரும் உங்க சம்சாரத்தத்தான் பாத்தாங்க. காரு வாட பொடவையில ஒட்டிகினு வந்துச்சு போல. அதுலர்ந்து மரத்தாண்ட எறங்கி, கடல் காத்துல கொஞ்ச நேரம் முந்தானைய பிரிச்சி வுட்டு நின்னுட்டு, அப்பறம் நடந்து வரும். உங்ககிட்ட சொல்லவான்னு கேட்டேன். வேணா ஆயா, ஆசையா தேடித் தேடி வாங்கினாரு, அவரு மனசு ஒடிஞ்சிடும்னு சொல்லிச்சு."

"தெரு பூராவும் நடந்தே வருமா?"

"ஒரே மூச்சுல எங்க வரும்? சுவத்தப் புடிச்சிகினு, நின்னு நின்னு வரும்."

அந்தத் தெருவில் நான் திரும்பி நடந்தேன். பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர் தெரு முழுக்க நீண்டு கிடந்தது. நல்ல மூச்சு உள்ள எனக்கே அது முடியாத தூரமாக இருந்தது. அவள் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? என் மனசு ஒடிந்தால் ஒடிந்துவிட்டுப் போகிறது, அந்த வண்டியைக் கொண்டுபோய்க் கடலில் தள்ளியிருப்பேனே. சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். என்னென்னவோ சொல்லி அவளைத் திட்டினேன்.

மரத்தடியில் கார் நின்றுகொண்டிருந்தது. உள்ளே போய், அவள் உட்காரும் பக்கம் உட்கார்ந்து, கதவைச் சாத்தி, கண்ணாடியை ஏற்றினேன். அவள் அத்தனை நாள் சுமந்த அந்த வாடை எனக்கு ஒரு தரமாவது தெரிந்துவிட வேண்டும் என்று சீட்டில் முகத்தைப் புதைத்து மூச்சை இழுத்தேன். இழுத்து இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.