வஞ்சியூர் கோர்ட்டில் கிழிந்த முந்தானைகள்

சுசீலாபாய்க்கு அபினி என்றாலே ஆகாது. போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட் டிஸ்பென்சரிக்கு நர்ஸாக வந்த நாள் முதல் அதோடு மல்லுக்கு நின்றவள். மழை பிடித்துவிட்டால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பலரும் மூட்டுவலிக்கு, வயிற்றுப்போக்குக்கு என்று ஒரு கடுகளவு நாக்கடியில் ஒதுக்கிக்கொண்டுதான் கொழுந்தெடுக்கப் போவார்கள். அவள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாள், திட்டுவாள். மிஷன் ஆஸ்பத்திரியில் திட்டுவதற்கும் பயிற்சி உண்டு போல என்று லயத்தில் பேச்சு.

அப்படிப்பட்டவள் 1953 ஆடியில் ஓர் அபினி கேஸுக்காக லீவு போட்டுவிட்டு மலையிறங்கினாள்.

பிடிபட்டவள் செல்லபாய். கொழுந்தெடுக்கிறவள். புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். இடுப்பில் பால் மறக்காத பெண்குழந்தை. அவள் அபினி தின்பதில்லை. பஸ்ஸில் தலைசுற்றி வாந்தி எடுக்காதவள் என்பதால் லயத்துக்காக வித்துரா சந்தைக்குப் போய்வரும் வேலை அவள் தலையில் விழுந்திருந்தது. அன்று திரும்பும் வழியில் கலால் இன்ஸ்பெக்டர் தங்கப்பன் பஸ்ஸை நிறுத்திச் சோதித்தார். செல்லபாயின் மடியில் ஏழு குட்டிப் பொட்டலங்கள்.

"தின்கிறவள் ஒரே உருண்டையாக வைத்திருப்பாள். விற்கிறவள்தான் பொட்டலம் கட்டுவாள்" என்றார் இன்ஸ்பெக்டர்.

விற்றாள் என்று தீர்ப்பானால் சிறை. பால்குடிக் குழந்தையும் கூடவே உள்ளே போகும்.

குழந்தைக்கு மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு வித்துரா ஸ்டேஷனுக்குப் போன சுசீலாபாய், மேசைமேல் கிடந்த பொட்டலங்களைப் பார்த்தாள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு துணி. ஒன்று கிளிப்பச்சைக் கட்டம். அந்தச் சேலையை அவளுக்குத் தெரியும். முந்தின வாரம்தான் அதைக் கட்டிக்கொண்டு லயத்துப் பகவதி அட்டைக்கடிக்கு மருந்து போட வந்திருந்தாள்.

"இது என்னட்டி?" என்று செல்லபாயிடம் கேட்டாள்.

"அவங்கவங்க காசும் சேலையில கிழிச்ச துண்டும் தந்து விடுவாங்க அக்கா. அதுல கட்டி வாங்கினாத்தான் அவங்க பங்கு. வேற துணியில இருந்தா தொடமாட்டாங்க. ஒருக்கா மாறிப்போய்ப் பெரிய சண்டையாச்சு."

சுசீலாபாய் அடுத்த பஸ்ஸிலேயே திருவனந்தபுரம் கரமனைக்குப் போனாள். அங்கே அக்ரஹாரத்தில் வக்கீல் சேஷன் இருந்தார். அவருடைய அம்மா படுக்கையில் கிடந்தபோது கூட இருந்து பார்த்தவள் இவள்.

"பேஷ், நல்ல பாயிண்டு" என்று சேஷன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஆனா துணி ஒத்துப்போனா மட்டும் போறாது நர்ஸம்மா. உடுத்திண்டிருக்கிறவாளே வந்து, இது என்னோடதுன்னு சொல்லணும். சொன்னா அவா மேலயும் கேஸ் வரலாம். அதை மறைக்காதீங்கோ."

அவள் மறைக்கவில்லை. லயத்து வாசலில் நின்று அப்படியே சொன்னாள். முதலில் பேசியவள் பகவதி.

"நல்லாருக்கே அக்கா. தின்னாதே தின்னாதேன்னு வைவிய. இப்போ மாஜிஸ்திரேட் முன்னால போயி தின்னேன்னு சொல்லணுமாக்கும்."

"ஆமா."

"கிழிஞ்ச சேலையோட டவுனுக்கு வரணுமா?"

"கிழிஞ்சதைத்தான் கட்டணும். தச்சுகிச்சுத் தொலைச்சிராதே." உள்ளே ஒருத்தி ஏற்கெனவே ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். சுசீலாபாய் போய் ஊசியைப் பிடுங்கினாள்.

ஆறு பெண்கள் வருவதாகச் சொன்னார்கள். ஏழாவது துணி வெள்ளை, சிவப்புக் கரை. அது யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. லயத்தை வேலை வாங்கும் கங்காணி திரவியம் மட்டும், "எனக்கும் இதுக்கும் ஒரு பந்தமும் இல்ல" என்று கேட்காமலே சொன்னார். கோர்ட்டுக்குப் போகிற ஆட்களைப் பத்திரமாகத் திருப்பிக் கூட்டிவரச் சொல்லி எஸ்டேட் ஆபீஸ் அவரையும் கூட அனுப்பியது.

வஞ்சியூர் கோர்ட்டில் அன்று மற்ற வக்கீல்கள்கூட வெளியே போகாமல் நின்றார்கள். சேஷன் கேட்டுக்கொண்டதன்பேரில் மாஜிஸ்திரேட் பொட்டலங்களைப் பிரிக்கச் சொன்னார். பகவதி முன்னால் வந்து முந்தானையை மேசைமேல் விரித்தாள். கிளார்க் பச்சைத் துண்டை எடுத்துக் கிழிசலில் வைத்தார். கட்டத்தோடு கட்டம் சேர்ந்தது; ஓர் இழைகூடப் பிசகவில்லை. கோர்ட்டே எட்டிப் பார்த்தது.

"என்னோடதுதான் ஏமானே. முட்டு வலிக்கு" என்றாள் பகவதி.

அடுத்தவள் வந்தாள். பொருந்தியது. அதற்கடுத்தவள். ஒவ்வொரு துண்டும் போய் ஒட்டும்போது சுசீலாபாய் ஒரு விரலை மடக்கினாள். ஆறும் பொருந்தின.

"ஏழாவது?" என்றார் தங்கப்பன். "ஒன்று விற்பதற்கு என்றாலும் குற்றம் குற்றம்தானே?"

சுசீலாபாய் திரும்பினாள். கடைசி வரிசையில் திரவியம் வேட்டி நுனியை இடுப்பில் செருகி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அவள் அவர் பக்கத்தில் போனாள்.

"கங்காணி, நான் சொன்னா காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். நீரே சொன்னா உம்ம அம்மைக்கு வாங்கினதா ஆகும்."

"எஸ்டேட் துரை சீட்டைக் கிழிச்சிருவாரு."

"துரைகிட்ட நான் பேசுதேன். அந்தப் பிள்ளைகிட்ட யாரு பேசுவா?"

திரவியம் குழந்தையைப் பார்த்தார். இடுப்பில் செருகிய நுனியை இழுத்துவிட்டுக்கொண்டே மேசைக்கு நடந்தார். சிவப்புக் கரை கரையோடு சேர்ந்தது.

மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றினார். "இன்ஸ்பெக்டர், இத்தனை பேர் மேலும் கேஸ் போடப் போகிறீரா?"

தங்கப்பன் வரிசையை ஒருமுறை பார்த்தார். "இவர்கள் தின்றதை நான் பார்க்கவில்லை" என்றார்.

விற்பனை என்பது நிரூபணமாகவில்லை, கொண்டுவந்தது குற்றம்தான் என்று தீர்ப்பானது. சிறிய அபராதம், அன்று கோர்ட் கலையும் வரை அங்கேயே காவல்.

செல்லபாய் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்து குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள். "ஜெயிலுக்கு எப்போ கொண்டுபோவாங்க அக்கா?"

"இதுதான் ஜெயில். சாயங்காலம் வரைக்கும்."

பகவதி வந்து அவளை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். குற்றவாளி மட்டும்தான் அங்கே உட்காரலாம் என்று சேவகன் சொன்னான். "அப்போ சரியாத்தான் உக்காந்திருக்கேன். இவளாவது சுமந்தா, நான் தின்னவ" என்றாள்.

"நாளைக்குக் காலையில ஏழு வீட்டுக்காரங்களும் டிஸ்பென்சரிக்கு வரணும்" என்றாள் சுசீலாபாய். "கங்காணி, உம்ம அம்மையையும் கூட்டிட்டு வாரும். ஒரேயடியா விட்டா உடம்பு தாங்காது. நான் கொஞ்சங்கொஞ்சமாக் குறைப்பேன். ஏமாத்தினா எனக்குத் தெரியும்."

"மாஜிஸ்திரேட் விட்டாலும் இவ விடமாட்டா போல" என்று பகவதி முணுமுணுத்தாள்.

வெயில் சாய்ந்தது. மாஜிஸ்திரேட் எழுந்தார், எல்லோரும் எழுந்தார்கள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் செல்லபாயிடம் வந்து, தண்டனை முடிந்தது, போகலாம் என்றார்.

"கொஞ்சம் பொறுங்க. பிள்ளை குடிச்சு முடிக்கட்டும்" என்றாள் அவள், அசையாமல்.