தம்பி பெயரில் போன டப்பா

கட்டடம் எழும்புகிற இடங்களில் அவனை உச்சாணி என்றுதான் கூப்பிடுவார்கள். கிரேனின் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, டன் கணக்கான இரும்பைத் தூக்கி, பூனை குட்டியை வைப்பது போல இறக்கி வைப்பான். பஸ் அந்தப் பக்கம் போனால் அவன் அக்கா சும்மா இருக்க மாட்டாள். பக்கத்துச் சீட்டுக்காரரைத் தட்டி, “அதோ மேல இருக்கறது என் தம்பி” என்பாள்.

அப்பேர்ப்பட்டவன் ஒரு நாள், சின்ன டப்பா ஒன்றை அவளுடைய தையல் மெஷின் மேல் வைத்துவிட்டு அசடு வழிந்தான். ஐம்பதைத் தாண்டியவர்கள் மலப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டுமாம், கம்பெனி உத்தரவு. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருந்தால், குடலில் புற்றுநோய் உண்டா என்று மேற்கொண்டு பார்ப்பார்கள்.

“எனக்கு அப்பப்ப ரத்தம் போகுதுக்கா. மூலமாத்தான் இருக்கும். தெரிஞ்சா கிரேனை விட்டு இறக்கிடுவாங்க. நீ குடு.”

“எதை?”

“அதைத்தான்.”

“கருமம்! அக்காகிட்ட கேக்கற பொருளாடா இது?”

“உனக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லையே. கல்லைத் தின்னாலும் செரிக்கற உடம்பு.”

அந்த ஐஸில் அக்கா கரைந்தாள். எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லாதவள். கூட வந்த காகிதத்தின் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து, குச்சியால் தொட்டெடுத்து, இறுகத் திருகி, அவன் பெயர் ஒட்டிய டப்பாவைக் கொடுத்தனுப்பினாள்.

சில வாரம் கழித்து, வேலை நேரத்தில் தம்பி வாசலில் வந்து நின்றான். முகத்தில் ஈயாடவில்லை.

“ரத்தம் இருக்காம்க்கா.”

“ஐயோ, உனக்கா?” என்றாள் அவள். மெஷினை மிதித்துக்கொண்டிருந்த கால் அப்படியே நின்றது. கொடுத்தது யார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் குடல் டாக்டர் கேள்வியை ஆரம்பிப்பதற்குள் தம்பி எழுந்து நின்றான். “அது என்னோடது இல்ல சார். இவங்களோடது. நான்தான் கேட்டு வாங்கினேன்.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

குடலைக் கழுவ மருந்து குடிக்கவைத்து, மயக்கம் கொடுத்து, கேமரா வைத்த குழாயை விட்டு அக்காவைப் பார்த்தார்கள். சதையைக் கிள்ளிச் சோதித்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். கடைசியில் டாக்டர் எதிரில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார்.

“புற்றுநோய்தாம்மா. வேற எங்கயும் பரவினதாத் தெரியல. அந்தப் பகுதியை வெட்டி எடுத்துடலாம்.”

ஒரு வலி கிடையாது, பசி குறைந்தது கிடையாது. வேறு யாருக்கோ சொல்கிறார் என்று அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது.

“கூடப்பிறந்தவருக்கும் பாத்தாகணும்,” என்றார் டாக்டர் தம்பியைப் பார்த்து. “ரத்தம் வேற போகுதுங்கறீங்க. மூலம்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க.”

“அக்கா ஆபரேஷன் முடியட்டும் சார்…”

அக்கா எழுந்தாள். அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“இவனுக்கு நாளைக்கே பாருங்க டாக்டர்,” என்றாள். “நான் வாசல்ல உக்காந்திருப்பேன். ஓட விடமாட்டேன்.”