ஸஹ்ரா எண்ணாத பன்னிரண்டு

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் பஸ் ஏறி, கண்டியிலுள்ள அந்த ஆய்வுகூடத்துக்குப் பதினான்கு வருடங்களாகப் போய்வருகிறவள் ஸஹ்ரா. மெழுகில் பதித்த ஈரல் துண்டை மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் சுருக்கம் விழாமல் ஏற்றுவதில் அவளை மிஞ்ச அங்கே ஆளில்லை. அந்தக் கையைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, போன வெள்ளிக்கிழமை வரை.

ஈரல் புற்றுநோய்க் கட்டி தனக்கென்று புதிய இரத்தக் குழாய்களை வளர்த்துக்கொள்ளும். அவற்றின் சுவரைக் காட்டிக்கொடுக்கிற சாயத்தைப் போட்டால், உருப்பெருக்கியில் குழாய்கள் பழுப்பாக, கபில நிறமாகத் தெரியும். அவை நெருக்கமாக இருக்கிற இடத்தில் எத்தனை என்று இரண்டு பேர் தனித்தனியே எண்ண வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது. நாற்பது நோயாளிகள், நாற்பது தகடுகள். ஒருத்தி ஸஹ்ரா. மற்றவர் திருச்செல்வம், ஓய்வு பெற்ற பிறகும் இந்த ஆய்வுக்காகத் திரும்ப அழைக்கப்பட்ட யாழ்ப்பாணத்துக்காரர். பிழை விடாத மனிதர் என்று பெயர்.

வெள்ளி பின்னேரம் கலகெதரையில் மச்சியின் கலியாண வீட்டுக்குப் போக வேண்டும். பன்னிரண்டு தகடுகள் மிச்சம். திருச்செல்வத்தின் தாள் மேசையிலிருந்த கோவைக்குள் இருந்தது. ஸஹ்ரா அதை எடுத்து, அவருடைய எண்களில் இரண்டைக் கூட்டியும் மூன்றைக் குறைத்தும் தன் தாளை நிரப்பினாள். சேர் எண்ணினால் பிழை வராதே என்று மனதைச் சமாளித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை, ஆய்வை நடத்துகிற டொக்டர் இரண்டு தாள்களையும் ஒப்பிட்டார். ஆரம்பத் தகடுகளில் திருச்செல்வத்தின் எண்கள் நிறையக் குறைவு, கடைசிப் பன்னிரண்டும் நன்றாக ஒத்துப்போகின்றன என்று சொல்லிவிட்டுப் போனார்.

திருச்செல்வத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. “பாத்தீரே பிள்ளை! முதல்ல நான் குறைச்சு எண்ணினது பழக்கம் விட்டுப்போனதாலதான். கடைசியில பிடிச்சிட்டன். மனுசி கண் ஒப்பரேசனுக்கு நாள் எடுத்து வச்சிருக்கிறா. வேண்டாமெண்டு இண்டைக்கே சொல்லப்போறன். அவவின்ர சோத்தில கல்லுப் பொறுக்க இந்தக் கண் காணும்.”

ஸஹ்ராவுக்குக் காது மடல் சுட்டது. அவர் நீட்டிய பிஸ்கட்டை வாங்கினாள், கடிக்க முடியவில்லை.

“சேர், அந்தக் கடைசிப் பன்னிரண்டையும் நான் எண்ணல்ல.”

“அப்ப ஆர் எண்ணினது?”

“நீங்கதான். உங்கட தாளப் பாத்து, கூட்டிக் குறச்சு எழுதிட்டேன்.”

பகிடி என்று நினைத்துச் சிரிக்கப் போனவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

“என்ர எண்ணிக்கைக்கு என்ர எண்ணிக்கையே சாட்சியோ?”

ஏசினால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அவர் ஏசவில்லை. பன்னிரண்டில் முதலாவது தகட்டை எடுத்து உருப்பெருக்கியில் வைத்தார். “எண்ணும். இதில நான் முப்பத்தெட்டு எழுதினனான்.”

அவள் குனிந்து, எண்ணும் கருவியின் பொத்தானைக் குழாய்க்கு ஒரு தரம் டிக் டிக்கென்று அமர்த்தத் தொடங்கினாள். பக்கத்துக் கதிரையில் இருந்து அவர் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டு வந்தது. மெல்லிய கபிலக் கீறல்கள் இன்னும் நிறையக் கிடந்தன. இதோடு நிறுத்தினால் என்ன என்று விரல் தயங்கியது. தயங்கியதற்கே மறுபடி வெட்கமாகிவிட்டது. அமர்த்தினாள். ஐம்பத்தேழில்தான் முடிந்தது.

எவ்வளவென்று அவர் கேட்கவில்லை. அவரும் அந்தச் சத்தத்தை மனதுக்குள் எண்ணியிருக்கிறார்.

“எழும்பும், டொக்டரிட்டப் போவம்,” என்றார். “உம்மட பிழையை நீர் சொல்லும். என்ர கண்ணைப் பற்றி நான் சொல்லுறன்.”

ஸஹ்ரா எழும்பி முக்காட்டைச் சரிசெய்தாள். அவருக்கு முன்னால் நடக்கவும் வெட்கமாக இருந்தது, பின்னால் நடக்கவும்.