ஹட்மான் சிங்கின் மீசையும் காகாசாவின் மூச்சும்

ஜோத்பூர்க் கோட்டையின் பெரிய வாசலில் நிற்கிற ஹட்மான் சிங்கைப் பார்க்காமல் உள்ளே போனவர் கிடையாது. ஆளைப் பார்க்காமல் போனாலும் போகலாம், மீசையைப் பார்க்காமல் போக முடியாது. இரண்டு கன்னத்திலும் வடம் மாதிரிச் சுருண்டு கிடக்கும். பிரித்து விட்டால் இடுப்பைத் தாண்டும். கையில் இருக்கிற ஈட்டி கோட்டையுடையது. சிவப்புத் தலைப்பாகையும் வெள்ளை அங்கியும் கோட்டையுடையவை. மீசை ஒன்றுதான் அவருடைய சொந்தச் சொத்து.

"சம்பளம் மீசைக்குய்யா. நீ அதைத் தூக்கிட்டு வர்ற ஆளு" என்று சூப்பர்வைசர் அவ்வப்போது ஞாபகப்படுத்துவார். "மீசை போச்சுன்னா வாசல் போச்சு. கீழ பார்க்கிங்ல விசில் ஊதப் போக வேண்டியதுதான்."

ஹட்மான் சிங்குக்கு அதைக் கேட்டாலே வீட்டு ஞாபகம் வந்துவிடும். ஏனென்றால் அந்த மீசைக்கு எமனானவர் அவர் வீட்டு முற்றத்திலேயே கட்டில் போட்டுப் படுத்திருந்தார். டூங்கர் சிங் என்று பெயர். ஹட்மான் சிங்கின் அப்பாவுக்குத் தம்பி. ஊர் வழக்கப்படி மரியாதையாக காகாசா என்று கூப்பிடுவார்கள்.

அவர்கள் குலத்தில் பெரியவர் யாராவது செத்தால் பங்காளிகள் எல்லோரும் மொட்டை போடுவார்கள். மொட்டை என்ன, நாலு மாதத்தில் முளைத்துவிடும். ஆனால் கொள்ளி வைக்கிறவன் மீசையையும் எடுத்தாக வேண்டும். காகாசாவுக்குப் பிள்ளைகுட்டி இல்லை. ஹட்மான் சிங் தவழ்கிற காலத்திலேயே அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். தூக்கி வளர்த்தது காகாசாதான். ஆகவே கொள்ளி யார் கையில் என்பதில் தெருவில் ஒருவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

கிழவர் இருமினால் ஹட்மான் சிங்கின் கை தன்னால் மீசைக்குப் போகும். காலையில் ஒரு தரம் நாடி பார்ப்பார். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் மலையிலிருந்து விழுந்தடித்துக்கொண்டு இறங்கி வந்து இன்னொரு தரம் பார்ப்பார். கால் பிடித்துவிடுவது, கஞ்சி ஊட்டுவது, ஒட்டகப் பால் வாங்கி வந்து காய்ச்சிக் கொடுப்பது எல்லாம் அவர்தான். "பெத்த பிள்ளை கூட இப்படிச் செய்ய மாட்டான்" என்று தெருவே மெச்சியது. கோட்டைக்குள் இருக்கும் அம்மன் சன்னிதியில் அவர் என்ன வேண்டிக்கொள்கிறார் என்று தெருவுக்குத் தெரியாது. "தாயே, நான் ரிட்டையர் ஆகிற வரைக்கும் காகாசாவை விட்டு வை. அதுக்கப்புறம் உன் இஷ்டம்."

கிழவருக்குத் தெரியும். தெரியாமல் இருக்க அவர் என்ன சின்னக் குழந்தையா? தெரிந்துகொண்டுதான் ஆட்டிவைத்தார்.

"ஹட்மா, நெஞ்சு என்னமோ பண்ணுதுடா."

"ஐயோ, என்ன பண்ணுது காகாசா?"

"ஒரு மிர்ச்சி வடை உள்ள போனா அடங்கிடும்னு தோணுது."

சுடச்சுட வடை வரும். நெஞ்சும் அடங்கும்.

ஹட்மான் சிங்கின் மனைவி உச்சப் கன்வருக்கு இதெல்லாம் பற்றிக்கொண்டு வரும். மாமனார் முறை ஆகிறவரிடம் மருமகள் நேருக்கு நேர் பேசக்கூடாது. முகத்தை முக்காட்டால் மூடிக்கொண்டு, முற்றத்தில் கட்டியிருக்கும் ஆட்டிடம்தான் சொல்லுவாள். "பாத்தியாடி, மிளகாயை முழுங்கறவங்களுக்கு நெஞ்சு வலிக்குமா?"

கிழவரும் ஆட்டுக்கே பதில் சொல்லுவார். "ஆடே, உன் எஜமானி கையால பருப்பு தின்னு பாரு. அப்புறம் நீயும் வடை கேப்பே."

ஆடு பாவம், இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கும்.

குளிர் ஆரம்பித்து, கோட்டையில் கூட்டம் பெருகத் தொடங்கிய ஒரு நாள், காகாசா கஞ்சியை ஒதுக்கினார்.

"கோட்டையைப் பாக்கணும்."

ஹட்மான் சிங்குக்குப் பகீரென்றது. "இங்கிருந்தே தெரியுதே காகாசா. அண்ணாந்து பாருங்க."

"உள்ள பாக்கணும்டா. காலம் பூரா டூரிஸ்ட் பஸ் ஓட்டி, உலகத்துல பாதிப் பேரைக் கொண்டு வந்து அங்க இறக்கிவிட்டவன் நான். எல்லாரும் ஏறிப் போவாங்க. நான் பஸ்ஸுக்குக் காவல். அப்படி என்னத்தைத்தான் பாக்கறாங்கன்னு பாத்துட்டுப் போறேன்."

"டாக்டர் அசையவே கூடாதுன்னிருக்காரு."

"சரி, அசையலை. சாப்பிடவும் இல்லை." கிழவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். அடுத்த நாள் சாயங்காலம் வரைக்கும் திறக்கவில்லை. வடையைக் காட்டியும் திறக்கவில்லை.

மேலே கொண்டுபோனாலும் உயிர் போகும், கொண்டுபோகாவிட்டாலும் போகும். மேலே போனாலாவது அம்மன் பக்கத்தில் இருப்பாள் என்று ஹட்மான் சிங் மனதைத் தேற்றிக்கொண்டார். ஒரு நாள் லீவு போட்டு, சக்கர நாற்காலி ஒன்றை இரவல் வாங்கி, தாமே தள்ளிக்கொண்டு ஏறினார். லிஃப்ட் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தார். "என் பாசஞ்சர் எல்லாம் நடந்துதானே போனாங்க" என்று கிழவர் மறுத்துவிட்டார். ஆனை ஏறின சரிவு அது. பாதி வழியில் ஹட்மான் சிங்குக்கே மூச்சு முட்டியது. கிழவர் சொகுசாகக் கைகாட்டிக்கொண்டு வந்தார். "வளைவுடா, ஹார்ன் அடி."

உள்ளே போனதும் அவர் வாய் ஓயவில்லை. ராஜாக்கள் ஏறின ஆனை அம்பாரிகளை வரிசையாக வைத்திருந்த இடத்தில் குனிந்து அடிப்பக்கம் பார்த்தார். "ஸ்பிரிங்கே இல்லையேடா. இதுல உக்காந்து சண்டைக்குப் போனா, எதிரி எதுக்கு, இடுப்பே ஆளைக் கொன்னுடும்." கண்ணாடி பதித்த படுக்கையறையில் கூரையை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "எங்க பாத்தாலும் என் மூஞ்சி. ராஜா எப்படித்தான் தூங்கினாரோ." அவர் சிரிக்கச் சிரிக்க ஹட்மான் சிங் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டே வந்தார்.

மதில் மேல் பீரங்கிக்குப் பக்கத்தில் வந்ததும் கிழவர் நாற்காலியை நிறுத்தச் சொன்னார். கீழே நீல வீடுகள். அவற்றைத் தாண்டி, பஸ்கள் நிற்கிற திடல். அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கேருந்து பாத்தா என் பஸ் தீப்பெட்டி அளவுதான் இருந்திருக்கும் இல்ல?"

"ஆமா காகாசா."

"பரவால்ல. நல்லாத்தான் கட்டியிருக்கானுங்க."

இறங்கி வருகையில் பெரிய வாசலில் ஒரு குடும்பம் ஹட்மான் சிங்கை அடையாளம் கண்டுகொண்டது. அங்கி இல்லாமல் சாதாரணச் சட்டை போட்டிருந்தால் என்ன, மீசை மீசைதானே. படம் எடுத்துக்கொள்ள வரிசை கட்டி நின்றுவிட்டார்கள். பிள்ளைகள் மீசை நுனியைத் தொட்டுத் தொட்டு ஓடின. வாசலில் மத்தளம் வாசிக்கிற லாடு கான், "லீவுலயும் உனக்கு மவுசுதான்யா" என்றான். அண்ணன் மகன் வேலை செய்வதைக் காகாசா அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தார்.

கூட்டம் கலைந்ததும் லாடு கானைக் கிட்டே கூப்பிட்டார்.

"லாடு, நீதான் சாட்சி. நான் போனப்புறம் இவன் மீசைல யாரும் கை வைக்கக் கூடாது. கொள்ளிக்குப் பங்காளிங்க வீட்ல ஒருத்தனைக் கூப்பிட்டுக்கட்டும். இவன் என்ன நான் பெத்தவனா? அண்ணன் மகன்தானே. பொழப்பைப் பாக்கட்டும்."

எந்த வரத்துக்காக அம்மனிடம் நடையாய் நடந்தாரோ அந்த வரம் மடியில் வந்து விழுந்தது. கிழவர் காலில் விழுந்து கும்பிட்டிருக்க வேண்டும். ஹட்மான் சிங் விழவில்லை. முகம் கறுத்துவிட்டது.

"யாரு அண்ணன் மகன்?"

"நீதான்டா."

"காய்ச்சல்ல கிடந்த பையனை பஸ் எஞ்சின் மேல துண்டு விரிச்சுப் படுக்க வச்சு ஜெய்சல்மேர் வரைக்கும் ஓட்டிட்டுப் போனது யாரு? அப்ப தெரியலையா அண்ணன் மகன்னு?"

"உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்."

"என் மீசை. எடுக்காதேன்னு சொல்ல நீங்க யாரு? எவனோ வந்து உங்களுக்குக் கொள்ளி வைக்க, நான் மீசையை முறுக்கிட்டு வேடிக்கை பாக்கணுமா?"

லாடு கானுக்குத் தலை சுற்றியது. "யோவ், இதுக்குத்தானேய்யா நீ நேந்துக்கிட்டே. குடுக்கறாரு, வாங்கிக்கயேன்."

"நீ உன் மத்தளத்தை அடி."

கிழவர் அண்ணன் மகனை மேலும் கீழும் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க மூக்கைச் சிந்தினார். "சரி, எடுத்துத் தொலை. செத்தப்புறம் எடு. கோவத்துல இப்பவே எடுத்துடாதே, அபசகுனம்" என்றார். பிறகு, "அந்த வடைக் கடை திறந்திருக்குமா?" என்று கேட்டார்.

போகக்கூடாத நேரம் பார்த்துத்தான் போனார். சீசன் உச்சத்தில், கோட்டையில் கால் வைக்க இடமில்லாத மாதத்தில், மத்தியானம் ஒரு வடையைத் தின்றுவிட்டுக் கண்ணயர்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டு தயங்கினார். பங்காளிகளும், "பெரியவரே விட்டுக் குடுத்துட்டாரே ஹட்மான், பொழப்பு போயிடும்யா" என்றார்கள். ஹட்மான் சிங் மனையில் உட்கார்ந்து முகத்தை நீட்டினார். "முதல்ல மீசை. தலை அப்புறம்." மீசை மடியில் விழுந்தபோதுதான் அடக்க மாட்டாமல் வாய்விட்டு அழுதார்.

கொள்ளி வைத்துவிட்டுக் குளித்து வீட்டுக்குள் நுழைந்தவரைப் பார்த்து உச்சப் கன்வர் சட்டென்று முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்த்திராத உதடு அது. அப்படியே மீசை வைக்காத காகாசாவின் உதடு. அப்புறம் தன் புருஷன்தான் என்று உறைத்து, ஆட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.

சூப்பர்வைசர் சொன்ன வாக்குத் தவறாதவர். காரியம் முடிந்து வேலைக்குப் போன அன்றே ஹட்மான் சிங் கையில் விசிலைக் கொடுத்துக் கீழே அனுப்பிவிட்டார். மொட்டைத் தலையில் சாதாரணத் துண்டைக் கட்டிக்கொண்டு பஸ்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தவரிடம், மேலே போய்விட்டு இறங்கி வந்த ஓர் அம்மாள் குறைபட்டுக்கொண்டாள்.

"போன தடவை வாசல்ல பெரிய மீசை வச்சிருந்தாரே ஒருத்தர், அவரோட படம் எடுக்கணும்னே பேரப்பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்தோம். ஆளையே காணோம். லீவுங்களா?"

ஹட்மான் சிங் மேலுதட்டைத் தடவிக்கொண்டார்.

"ஆமாங்கம்மா. அவங்க அப்பா தவறிட்டாரு" என்று சொல்லிவிட்டு, திடலுக்குள் நுழைந்த பஸ்ஸைப் பார்த்து விசில் ஊதினார்.