பம்புக்கு ஒரு பூசணிக்காய்

கணபதி ஏரியாவில் நான் வேலை பார்க்கும் பம்பு கம்பெனிக்கு, சரக்கு முதல் பில் வரை எல்லாக் கணக்கும் பார்க்கும் ஈ.ஆர்.பி. சாப்ட்வேர் வருவதற்கு முன்பு, அந்த ஈ.ஆர்.பி.யே நான்தான். சம்பளம் என்னவோ பர்சேஸ் வேலைக்குத்தான். ஆனால் எந்த பேரிங் எந்த ரேக்கில் இருக்கிறது, சூலூர் பவுண்டரிக்காரர் காஸ்டிங்கை எப்போது தருவார், போத்தனூர் பெயிண்டர் நிஜமாகவே ஊரில் இல்லையா அல்லது கோபித்துக்கொண்டு போனை எடுக்காமல் இருக்கிறாரா, எல்லாம் என் தலைக்குள்தான் இருந்தது. தலை போகிற இடத்துக்கெல்லாம் போனும் வந்தது. என் தங்கை கழுத்தில் தாலி ஏறும் நேரத்தில் ஒரு பிட்டர் கூப்பிட்டு, "அக்கா, ஆயில் சீல் எங்கீங்க வெச்சீங்க?" என்றார். ஒரு கையால் அட்சதை போட்டுக்கொண்டே இடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை என்பது எனக்கு, ஆபீசுக்குப் போகாமலே ஆபீஸ் வேலை பார்க்கிற நாள். போனை வைத்துவிட்டு வருவதற்குள் தட்டில் சாதம் ஆறிப்போயிருக்கும்.

அதனால் முதலாளி சாப்ட்வேர் வாங்கியபோது எல்லாரும் முணுமுணுக்க, நான் ஒருத்திதான் சந்தோஷப்பட்டேன். அவருக்கே அதில் பாதி நம்பிக்கைதான். "அம்மணி, மொத பெரிய லோடு சொன்ன நாளுக்குப் போவட்டுங்க. போவலீன்னா இதத் தூக்கிக் கடாசிப்போட்டு, பழையபடி நீங்களே பாத்துக்கோங்க" என்றார். பழையபடி நீங்களே.

சாப்ட்வேரைப் போட்டுக்கொடுக்க பெங்களூரிலிருந்து ஒருவர் வந்தார். தமிழ் ஆள்தான், ஆனால் சிரிக்கவே மாட்டார். அவருக்கு ஒரே ஒரு கொள்கை. எந்தப் பொருளை வாங்கினாலும் அது எந்தத் தயாரிப்புக்காக என்று சொல்லியாக வேண்டும். காரணமில்லாமல் ஒரு ஆணி வாங்கக்கூடாது. பழைய பில்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"மாசாமாசம் பூசணிக்காய் வாங்கறீங்களே, இது எதுக்கு?"

எங்கள் கம்பெனியில் எந்த லோடு கிளம்பினாலும் வெள்ளைப் பூசணிக்காயில் கற்பூரம் ஏற்றி, சுற்றி, கேட்டில் உடைத்த பிறகுதான் வண்டி நகரும். முதலாளிக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை.

"பம்புக்குத்தானுங்க. வேறெதுக்கு?"

பெங்களூர்க்காரரும் மறுபேச்சில்லாமல் ஒரு பம்புக்கு வேண்டிய சாமான்கள் வரிசையில் பூசணிக்காயையும் ஏற்றினார். கேசிங் ஒன்று, இம்பெல்லர் ஒன்று, ஷாப்ட் ஒன்று, பூசணிக்காய் ஒன்று. திரையில் அதைப் பார்த்து முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்த 'ஒன்று' என்பது ஒவ்வொரு பம்புக்கும் ஒன்று என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

பிறகு ராஜஸ்தான் வியாபாரியிடமிருந்து நூறு பம்புக்கு ஆர்டர் வந்தது. அதைச் சாப்ட்வேரில் போட்டதுதான் தாமதம், யார் யார் எதை எந்தத் தேதியில் தர வேண்டும் என்று அதுவே கணக்குப் போட்டு எல்லாருக்கும் மெசேஜ் அனுப்பிவிட்டது. என்னிடம் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. போன் கெட்டுப்போய்விட்டதோ என்று சந்தேகப்பட்டு, வீட்டுக்காரரை ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். நன்றாகத்தான் அடித்தது. அவர்தான் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பவுண்டரிக்காரர் வழக்கம்போல இழுத்தடித்தார். பேரிங்கில் கொஞ்சம் குறைந்து வந்தது. பெயிண்டர் இரண்டு தடவை கோபித்துக்கொண்டார். ஆனாலும் லோடு கிளம்ப வேண்டிய சனிக்கிழமைக்குள் நூறு பம்பும் தயாராகிவிட்டன. அன்று காலை கேட்டில் ஒரு டெம்போ வந்து நின்றது. மார்க்கெட் பூசணிக்காய்க்காரர் இறங்கினார்.

"அக்கா, நூறு காய எங்கீங்க எறக்கறது?"

"நூறுங்களா?"

"மெசேஜ் வந்துச்சேங்க. உங்கூட்டுல கண்ணாலமோன்னு நெனச்சேன். கொசுறு ஒண்ணு சேத்திப் போட்டிருக்கறனுங்க."

எங்களுக்குச் சரக்கு தருகிற அத்தனை பேரிலும் சொன்ன தேதியில், சொன்ன எண்ணிக்கையில், ஒரு குறையும் இல்லாமல் கொண்டுவந்து சேர்த்தவர் அவர் ஒருவர்தான். கொசுறுக்காயைக் கணக்கில் ஏற்றச் சாப்ட்வேர் மறுத்துவிட்டது. சரி, மோர்க்குழம்புக்கு ஆகும் என்று என் மேஜைக்கடியில் உருட்டி வைத்தேன்.

சாயங்காலம் லாரி வந்துவிட்டது. பில் போடப் போனால் சாப்ட்வேர் பில் தரவில்லை. ஒவ்வொரு பம்பும் முழுமையடையவில்லை, பூசணிக்காய் பாக்கி என்றது. பெங்களூருக்குப் போன் போட்டேன்.

"வரிசையிலிருந்து எடுக்கணும்னா திங்கக்கிழமை ஆகும் மேடம். காயெல்லாம் உபயோகிச்சாச்சுன்னு அழுத்தி விட்டுடுங்க. நெஜமா ஒடைக்கணும்னு இல்ல."

அழுத்தப் போனேன். முதலாளி என் கையைப் பார்த்தபடியே நின்றிருந்தார்.

"அம்மணி, அது மட்டும் ஆவாதுங்க. பேரிங்குல பொய் எழுதுனா அபராதங் கட்டிக்கலாம். சாமி காரியத்துல ஒடைக்காத காய ஒடைச்சேன்னு எழுதலாமுங்களா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த மனிதர் ஒரு காய்க்காக என் ஞாயிற்றுக்கிழமைகளைத் திருப்பிப் பிடுங்கப் போகிறார். ஆத்திரத்தில் சொன்னேன்: "அப்பொ எல்லாத்தையும் ஒடைச்சே போடுங்க."

கோபத்தில்தான் சொன்னேன். அவர் அதை நல்ல யோசனையாக எடுத்துக்கொண்டார்.

ஒவ்வொரு பம்பையும் டிராலியில் கொண்டுவந்து, காயைச் சுற்றி, கேட்டில் உடைத்தார்கள். உடைந்ததும் வாசலிலிருந்து "ஒடஞ்சுதுங்க" என்று குரல் வரும். நான் ஒரு தடவை அழுத்துவேன். முதலாளிக்குக் கொஞ்ச நேரத்திலேயே கை ஓய்ந்து, பிட்டர், வெல்டர் என்று ஆள் மாறிக்கொண்டே போனது. டூவீலர்காரர்கள் வழுக்கி விழக்கூடாது என்று பெயிண்டர் பின்னாலேயே துடைப்பத்தோடு நின்றார். குங்குமம் தீர்ந்து கடைக்கு ஆள் ஓடியது. பக்கத்து லேத் பட்டறைக்காரர் எட்டிப் பார்த்து, மனசு கேட்காமல் விசாரித்தார்.

"ஏனுங்க, அவ்வளவு கண்ணா பட்டுப்போச்சு?"

கடைசிப் பம்புக்கு வந்தபோது காய் இல்லை. இடையில் ஒன்று சுற்றுவதற்கு முன்பே கைநழுவி உடைந்திருந்தது. அதைச் சேர்க்கலாமா கூடாதா என்று வாசலில் பெரிய விவாதம் நடந்தது. கூடாது என்பதுதான் முதலாளியின் தீர்ப்பு. லாரி டிரைவர் ஹாரன் அடித்தார். நான் மேஜைக்கடியில் கையை விட்டு மோர்க்குழம்பை வெளியே உருட்டினேன்.

பில் வந்தது. லாரி போனது. முதலாளி தோள்பட்டையைத் தேய்த்துக்கொண்டே திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இருக்கட்டுங்க. இத்தன வருசத்துல நாஞ் சொன்னத அப்படியே கேட்டது இது ஒண்ணுதானுங்க."

ராஜஸ்தானிலிருந்து ஒரு பம்புக்குக்கூடப் புகார் வரவில்லை. எங்கள் சரித்திரத்தில் இது முதல் தடவை. பெங்களூர்க்காரர் பூசணிக்காயை வரிசையிலிருந்து எடுத்துவிடுகிறேன் என்றார். எடுத்தால் ராசி போய்விடும் என்று முதலாளி விடவே இல்லை. பம்புக்கு ஒன்று இன்றைக்கும் உடைகிறது. அதற்கென்று ஒரு ஆளே போட்டிருக்கிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது போன் அடித்தது. பழைய பழக்கத்தில் உடனே எடுத்தேன். பூசணிக்காய்க்காரர்.

"அக்கா, அடுத்த லோடுக்கு எத்தன காய் வேணுமுங்க?"

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

இத்தனை வருடத்தில் நான் அப்படி யாரிடமும் சொன்னதே இல்லை. அவ்வளவு நன்றாக இருந்ததால் இன்னொரு தடவையும் சொன்னேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாதத்தில் கை வைத்தேன். சுட்டது.