இறக்கத்தில் நியூட்டல்

1. காணுக்குள் கார்

நிரோஷினி ஓட்டிய என் கார் ரோட்டோரக் காணுக்குள், அந்தத் தண்ணீர் வாய்க்காலுக்குள், இறங்கிய அன்று, "எறங்கு புள்ள!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவள் மரியாதையாகக் கதவைத் திறந்து ரோட்டில் இறங்கி நின்றாள். என்னால்தான் இறங்க முடியவில்லை. என் பக்கத்துக் கதவு மண்மேட்டில் முட்டிக்கொண்டு இருந்தது. கியர் லீவர் எங்கெங்கோ குத்த, அவளுடைய சீட்டுக்குத் தவழ்ந்து போய் வெளியே வந்தேன். மேலே மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அக்கா ஒருத்தி, "சேரு, ட்ரயல் பாஸாங்களா?" என்று கேட்டாள். மலையே சிரித்தது.

ஹட்டனில் இருபத்தாறு வருடமாக லேனர்ஸ் நடத்துகிறேன். வாகனம் ஓட்டப் பழக்குவதுதான் தொழில். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். பதினெட்டு வயதுப் பிள்ளைகள் எல்லாவற்றையும் இடிப்பார்கள். ஒரு பையன் பின்னால் எடுக்கிறேன் என்று கோழிக்கூட்டை இடித்தான். இன்னொருவன் செல்போனைப் பார்த்த கண்ணோடு போய், நின்றிருந்த பொலிஸ் ஜீப்பையே இடித்தான். அதையெல்லாம் நான் பிழை என்றுகூடச் சொல்லமாட்டேன், வயசு.

நிரோஷினி அந்த ரகமே இல்லை. ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை. கிளச்சில் கால் பூப்போல இருக்கும். ட்ரயலுக்கு, அதாவது லைசன் பரீட்சைக்கு, இன்னும் பத்து நாள்தான் இருந்தது. டிக்கோயாப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தோம். எதிரே வந்த பஸ்ஸை நான் பார்த்த அந்த நேரத்துக்குள், அவள் கியரை நியூட்டலுக்குத் தள்ளி, சாவியையும் திருப்பி எஞ்சினை அணைத்துவிட்டாள். கார் சத்தமில்லாமல் வேகம் பிடித்தது. வளைவு கிட்ட வந்ததும் இரண்டு தடவை பிரேக்கை அமுக்கினாள். மூன்றாவது தடவை பெடல் இறங்கவில்லை. என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கிறது. ஏறி நின்று மிதித்தேன், கல்லு! ஸ்டேரிங்கும் இறுகிவிட்டது. வலது பக்கம் பள்ளம், கீழே ஆறு. ஹேண்ட் பிரேக்கை இழுத்துக்கொண்டு, மற்றக் கையால் ஸ்டேரிங்கை இடது பக்கம் வளைத்துக் காணுக்குள் இறக்கினேன். ஒரு லைட்தான் உடைந்தது.

"யாரு புள்ள ஒனக்கு இதச் சொல்லிக் குடுத்தது?"

"அப்பாங்க சேர். எறக்கத்துல நியூட்டல்ல போட்டு ஓஃப் பண்ணிட்டா பெற்றோல் மிச்சமாம்."

"ஒங்கப்பா வீட்டுல இருக்காரா?"

"இருக்காருங்க."

"வா போவோம்."

2. அப்பாவைக் கேட்டேன்

அப்பா மகேந்திரன், தேயிலைத் தோட்டத்தின் மேல்பகுதியான மேல்கணக்கில், லயத்து வரிசை வீடொன்றில் இருக்கிறார். ஹயருக்கு, வாடகைக்கு, ஓடும் வேன் ஒன்று வைத்திருந்தார். காரை நாலு பேராகத் தள்ளி ரோட்டுக்கு ஏற்றிக்கொண்டு நாங்கள் போனபோது அதைக் கழுவிக்கொண்டிருந்தார். பின் சீட்டில் அவருடைய சின்ன மகள்மார் இரண்டு பேர் பிஸ்கட் தின்றுகொண்டு காலை ஆட்டிக்கொண்டு இருந்தார்கள்.

நான் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "நீங்கள்லாம் டிரைவரா? பெத்த புள்ளயக் கொல்லப் பாத்தீங்களே! மூள இருக்கா மனுசனுக்கு?" என்று பிடித்துக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் மோசமாகவும் பேசினேன். அதை இங்கே எழுத முடியாது.

அவர் குழாயை மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு சொன்னார்: "சேர், என்னைய ஞாபகம் இல்லீங்களா? நானும் ஒங்ககிட்டதான லேனர்ஸ் பழகுனேன். இத நீங்கதான சொல்லித் தந்தீங்க!"

ஞாபகம் வந்தது. அப்போது நானும் இளந்தாரி. பெற்றோல் விலை ஏறிய நேரம். பழக வந்தவர்களிடம் கண்ணடித்து, "ட்ரயல்ல செய்யாதீங்க, அதுக்குப் பொறகு எறக்கத்துல நியூட்டல்தான்" என்று சொல்வேன். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு. பிற்பாடு சொல்வதை விட்டுவிட்டேன். சொன்னதைத் திரும்ப எடுத்தேனா? இல்லையே.

"லைசன் கைக்கு வந்தா இவதான் தங்கச்சிங்கள ஸ்கூலுக்கு ஏத்திக்கிட்டுப் போகப் போறா சேர். எனக்கு காலையில ஹோட்டல் வேல ஒன்னு கெடச்சிருக்கு" என்றார் மகேந்திரன்.

பின் சீட்டில் ஆடிய அந்த நாலு காலையும் பார்த்தேன். மேல்கணக்கிலிருந்து டிக்கோயாவுக்கு முழுக்க இறக்கம்.

3. மூன்று மிதி

வாயால் சொன்னால் எடுபடாது என்று தெரிந்தது. எனக்கு நானே எதிர்க்கட்சியாக நிற்கும்போது யார் நம்புவார்கள்? அதனால் வேனைச் சமமான இடத்தில் நிறுத்தச் சொல்லி, பிள்ளைகளை இறக்கிவிட்டு, மகேந்திரனை ஏற்றினேன்.

"இப்ப எஞ்சின ஓஃப் பண்ணுங்க. பிரேக்க மிதிங்க."

"மிதிச்சாச்சு. நல்லாத்தான இருக்கு?"

"விட்டுட்டு இன்னொருக்கா. இன்னொருக்கா."

மூன்றாவது மிதியில் அவர் சிரிப்பு நின்றது. இரண்டு காலையும் வைத்து அமுக்கிப் பார்த்தார். எஞ்சின் ஓடினால்தான் பிரேக்குக்கு உதவி கிடைக்கும் என்பதை அந்தப் பெடலே சொல்லிவிட்டது. எஞ்சினை அணைக்காமல் நியூட்டலில் மட்டும் போனாலும், வண்டியின் பாரம் முழுவதும் பிரேக்கில்தான் விழும்; சூடேறிப்போனால் அதுவும் பிடிக்காது என்றேன்.

"அப்ப இத்தன வருசமா நான்..."

"இத்தன வருசமா சாமி காப்பாத்தியிருக்கு. இனிமே சாமியத் தொந்தரவு பண்ண வேணாங்க. நான் சொல்லித் தந்தது பெரிய தப்பு, மகேந்திரன். மன்னிச்சிருங்க."

நிரோஷினி வெளியே நின்று, "அப்ப லைட்டு ஒடஞ்சது நம்ம மூனு பேருல யாரு தப்பு?" என்று கேட்டாள். வீட்டுக்குள்ளிருந்து வந்த தேத்தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.

மிச்சம் இருந்த நாள் எல்லாம் அவளை இறக்கத்தில் மட்டுமே பழக்கினேன். மலை ஏறின கியரிலேயே இறங்கவேண்டும், இரண்டாவது என்றால் இரண்டாவது; எஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்கும். ட்ரயல் பாஸ்.

4. திங்கட்கிழமைக் காலை

ஒரு மாதம் கழிந்திருக்கும். டிக்கோயாவில் ஒரு மாணவனை ஏற்றத் தனியாகப் போய்க்கொண்டிருந்தேன், அதுவும் பிந்தி. அதே இறக்கத்தில் வாகனங்கள் வரிசை கட்டி ஊர்ந்தன. எல்லோரும் ஹோர்ன் அடித்தார்கள். நானும் அடித்தேன். "எந்த மாடுடா முன்னுக்குப் போறது?" என்று கத்தினேன்.

வளைவில் பார்த்தேன், மகேந்திரனின் வேன். எஞ்சின் இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு இறங்கியது. ஸ்டேரிங்கில் நிரோஷினி. பின்னால் எத்தனை ஹோர்ன் கேட்டாலும் அந்தப் பிள்ளை கியரை மாற்றவில்லை. பின் கண்ணாடியில் சின்னதுகள் இரண்டும் வரிசையைப் பார்த்துப் பெருமையாகக் கை காட்டின. எனக்கு அழுகை வந்துவிட்டது, உண்மையாகத்தான்.

கண்ணைத் துடைக்க இடது கையைத் தூக்கப் போனேன். அது கியர் லீவரில் இருந்தது. லீவர் நியூட்டலில் இருந்தது. எப்போது தள்ளினேன்? எனக்கே தெரியாது.

தம்பி தங்கைகளே, வாய் விட்டதைக் கை விடாது. பிள்ளைகளைத் திருத்தும் முன் உங்கள் இடது கையைப் பாருங்கள்.

இரண்டாவது கியரைப் போட்டேன். எனக்குப் பின்னால் வந்த பஸ் உடனே ஹோர்ன் அடிக்கத் தொடங்கியது. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.