இரண்டாவது ஸ்டேஷன் கலைமதி

சுங்குவார்சத்திரம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, டீக்கடை மாடியில் நடக்கும் ஆங்கில வகுப்பில் கலைமதி சேர்ந்தது, தான் வேலை செய்யும் ஃபேக்டரியில் லைன் லீடர் ஆகத்தான். முதல் நாளே அதைச் சொல்லிவிட்டாள்.

எழிச்சூரில் நெல் பயிரிட்ட குடும்பம் அவளுடையது. கல்யாணத்துக்குப் பிறகு செல்போன் ஃபேக்டரியில் ஆபரேட்டர் ஆனாள். கைவேகத்தில் அவளை அடித்துக்கொள்ள லைனில் ஆளில்லை. ஆனால் லீடர் என்றால் தினமும் காலையில் வெளிநாட்டு இன்ஜினியரிடம் பேச வேண்டும், இன்டர்வியூவும் ஆங்கிலத்தில்தான். லீடர் வேலைக்குப் பெயர் கேட்கும்போதெல்லாம் கலைமதி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் லீடர் ஆனார்கள்.

வகுப்பு நடத்தும் சில்வியா, தண்டலம் பக்கத்துக் கல்லூரியில் ஆங்கிலம் படித்தவள், கலைமதியைவிட இளையவள். ஆனாலும் கலைமதி "மிஸ்" என்பாள், சில்வியா "அக்கா" என்பாள்.

எழுவாய், வினை, செயப்படுபொருள் என்று சில்வியா பலகையில் எழுதினால் எல்லோரும் அழகாகப் பார்த்து எழுதுவார்கள். பேசச் சொன்னால் மின்விசிறியைப் பார்ப்பார்கள். கலைமதி வாய் திறந்தால் தமிழில் வருவதுபோலவே வினை கடைசியில் போய் உட்காரும்: "ஐ டீ டிரிங்க்."

ஒருநாள் புருஷோத்தமன் எழுந்தான். அவனும் அதே ஃபேக்டரி ஆபரேட்டர், வாயாடி.

"மிஸ், முழு போனையும் ஒரே ஆளு மாட்டுன்னா எவன் மாட்டுவான்? லைன்ல ஆளுக்கு ஒரு ஸ்க்ரூ. நீங்க இன்னாடான்னா முழு வாக்கியத்தையும் ஒருத்தர் தலைல கட்றீங்களே!"

வகுப்பு சிரித்தது. சில்வியா ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளினாள்.

அன்றிலிருந்து வாக்கியம் ஃபேக்டரி லைன் போல ஓடியது; ஆள் நிற்கும் இடம் ஒவ்வொன்றும் ஒரு ஸ்டேஷன். முதல் ஸ்டேஷனில் புருஷோத்தமன்: யார் என்று அவன் சொல்வான். இரண்டாவதில் கலைமதி: வினை அவளுடையது. மூன்றாவதில் பாண்டிச்செல்வி, விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து ஹாஸ்டலில் தங்கியிருப்பவள்: எதை என்று சொல்ல வேண்டியது அவள். ஒருவர் தன் சொல்லை முடித்து அடுத்தவர் தோளைத் தொட வேண்டும்.

"ஷீ."

"டிரிங்க்ஸ்."

"டீ."

பிழை வந்தால் "லைன் ஸ்டாப்!" என்று யாராவது கத்துவார்கள், மறுபடி முதலிலிருந்து ஓடும். கீழே டீ குடிப்பவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். வினைச்சொல்லில் கலைமதியை மிஞ்ச முடியவில்லை. வென்ட், காட், பிராட் எல்லாம் தொட்ட மாத்திரத்தில் வந்து விழும். அவளை அங்கிருந்து மாற்ற சில்வியாவுக்கு மனம் வரவில்லை. நன்றாக ஓடுகிற லைனில் யாராவது ஆளை மாற்றுவார்களா?

இன்டர்வியூ நாள் வந்தது. எதிரே மூன்று அதிகாரிகள். போனின் சர்க்யூட் போர்டில் பழுது தெரிந்தால் என்ன செய்வீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள்.

கலைமதிக்குக் கேள்வி புரிந்தது. வினைச்சொல்லும் நாக்கு நுனியில் தயார். அப்படியே காத்திருந்தாள். பிறகு இடது பக்கம் திரும்பிப் பார்த்தாள். அதிகாரிகளும் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே சுவர்தான் இருந்தது.

அப்போதுதான் உறைத்தது. புருஷோத்தமன் வந்து தோளைத் தொடுவான் என்று காத்திருக்கிறாள்!

எழுந்தாள். வெளியே போகப் போகிறாள் என்றே அவர்கள் நினைத்திருப்பார்கள். அவளோ இடப்பக்கம் ஓர் அடி வைத்து, புருஷோத்தமன் நிற்கிற இடத்தில் நின்றாள்.

"ஐ."

தன் இடத்துக்கு வந்தாள். "ஸ்டாப்."

அடுத்து பாண்டிச்செல்வியின் இடம். "தி லைன்."

மறுபடி முதலிலிருந்து. "ஐ... கால்... தி டெக்னீஷியன்." மூன்றாவது வாக்கியத்தில் நடை நின்றுவிட்டது, வாய் மட்டும் ஓடியது. "ஐ கீப் தி போர்டு இன் தி ரெட் டிரே."

"எதுக்கும்மா நடந்தீங்க?" என்று ஹெச்.ஆர். மேடம் தமிழில் கேட்டார்.

"பாக்கி ரெண்டு பேரு வரல மேடம். அவங்க வேலையும் நானே பாக்கவேண்டியதாப் போச்சு."

அடுத்த வாரம் அறிவித்த லீடர்களில் கலைமதியும் இருந்தாள். மைசூர்பாகோடு மாடி ஏறி வந்து நடந்ததைச் சொன்னாள். சில்வியாவின் முகம் வாடியது.

"தப்பு என் மேலதான்க்கா. ஒரே எடத்துல நிக்க வெச்சுட்டேன். ரொட்டேஷன் விட்டிருக்கணும்."

"இன்னா மிஸ் பேசற? இங்கிலீஷ்னா வாயே தொறக்காதவ நானு. ஒரு வார்த்தை சொன்னா போதும்னு ஒரு எடம் குடுத்த பாரு, அங்கதான் பயம் போச்சு. நீ மட்டும் இல்லன்னா இன்னும் தலையக் குனிஞ்சிகினு இருந்திருப்பேன்."

"என் எடத்துலயும் நின்னிருக்கியே யக்கா, வாடகை எங்க?" என்றான் புருஷோத்தமன்.

"எம் எடத்தையும்ல மிதிச்சிருக்காக!" என்றாள் பாண்டிச்செல்வி.

கலைமதி இருவர் வாயிலும் மைசூர்பாகைத் திணித்தாள். "உங்க ரெண்டு பேரு கொரலும் காதுல கேட்டுகினே இருந்திச்சு. அதான் காலு நகர்ந்திச்சு." பிறகு சில்வியா பக்கம் திரும்பினாள். "மிஸ், திங்கக்கெழம இன்ஜினியர் எதிர்ல மொத தடவ பேசணும். எங்க லைன்காரங்க நேத்து நல்லா வேலை செஞ்சாங்கன்னு எப்டி சொல்றது?"

"லீடர் ஆனதும் திட்டறதுக்குத்தான் இங்கிலீஷ் கேப்பன்னு நெனச்சேன்," என்றான் புருஷோத்தமன்.

"திட்றதுக்கு இங்கிலீஷ் எதுக்குடா? நம்ம பாஷையே போதும்."